கேட்காமற் செல்லும் வழி



விடுமுறை என்னும் சொல்லைக் கேட்டவுடனே நம்மவர் உள்ளத்தில் ஒரு மலர்ச்சி தோன்றுகிறது. மார்கழி மாதத்திற் பாடசாலைகள் மூடப்பட்டதும், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நுவரெலியாவுக்கோ, திருகோணமலைக் கடற்கரைக்கோ புறப்படுவோர் பலர். எங்கே போவது, எத்தனை நாள் தங்குவது, எவ்வளவு செலவாகும் என்பவையே அவர்கள் எண்ணிப் பார்க்கும் கேள்விகள். ஆயின், சக்கர நாற்காலியில் நாளைக் கழிக்கும் ஒருவர் விடுமுறையைப் பற்றி எண்ணும்போது முதலில் எழும் கேள்வி வேறொன்று. 'அங்கே எத்தனை படிகள் இருக்கின்றன?' என்பதே அக்கேள்வி.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், அத்தகைய ஒருவர் நத்தார் காலத்திற் பெரியதோர் உல்லாசப் பூங்காவுக்குச் சென்று தங்கி மகிழ்வதைப் பற்றியது. நடக்க இயலாதவருக்கு உல்லாசப் பூங்கா எதற்கு என்று சிலர் வினவக்கூடும். மருந்தும் உணவும் கிடைத்தாற் போதாதா என்றும் கேட்கக்கூடும். அவ்வினாவுக்கு விடை தேடுவதே இப்பேச்சின் நோக்கம்.

விடுமுறையின் பயன் யாது? உடலுக்கு ஓய்வு என்பர் சிலர். உள்ளத்துக்கு மாற்றம் என்பர் சிலர். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அன்றாட வாழ்விற் பெருங் களைப்பைத் தருவது நாற்காலியை உருட்டுவதன்று, பிறரைக் கேட்பதேயாகும். 'இந்தக் கதவைத் திறந்து விடுங்கள்', 'அந்த மேசையைச் சற்று நகர்த்துங்கள்', 'இந்தப் படியில் என்னைத் தூக்கி விடுங்கள்' என்று காலையில் எழுந்தது முதல் இரவில் உறங்கும் வரை கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். கேட்கப்படுபவர் அன்புடையவராகவே இருக்கலாம்; முகஞ் சுளியாமல் உதவவுங்கூடும். எனினும், கேட்பவரின் உள்ளத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு சுமை ஏறுகிறது. ஆகவே, அவருக்கு உண்மையான விடுமுறை என்பது எவரையும் கேளாமல் இருக்கக்கூடிய சில நாள்களேயாகும்.

கனடாவில் வாழும் என் தமையனாரின் மகள், வீதி விபத்தொன்றில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டுப் பல ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தி வருகிறாள். சில ஆண்டுகளுக்கு முன், நத்தார் விடுமுறைக்குத் தன் பெற்றோரோடும் தம்பியோடும் ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்குச் சென்று ஆறு நாள்கள் தங்கினாள். திரும்பிய பின் தொலைபேசியில் என்னுடன் பேசியபோது, கண்ட காட்சிகளைப் பற்றி அவள் முதலிற் சொல்லவில்லை. "சித்தப்பா, ஆறு நாளிலை மூண்டு தரந்தான் என்னைத் தூக்கி விடச் சொல்லிக் கேட்டனான். எண்ணிக்கொண்டு வந்தனான்" என்றாள். வழக்கமான நாளொன்றில் எத்தனை முறை கேட்பாய் என்று வினவினேன். "அதை எண்ணத் தொடங்கினால் வேறொரு வேலையும் செய்யேலாது" என்று சிரித்தாள்.

அவள் சென்றது 'வோல்ட் டிஸ்னி வேர்ல்ட்' என்னும் உல்லாச நகருக்கு. ஓர்லாண்டோ நகருக்கு அருகில், ஏறக்குறைய 40 சதுர மைல் பரப்பில் அமைந்துள்ள இவ்விடம் 1971ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதலாந் திகதி திறக்கப்பட்டது. அதனைக் கனவு கண்ட வோல்ட் டிஸ்னி 1966ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார். அவருடைய தமையனார் ரோய் டிஸ்னியே பணியை நிறைவு செய்தார். முதலில் ஒரு பூங்காவோடு தொடங்கிய அந்நகரில் 1982, 1989, 1998 ஆகிய ஆண்டுகளில் மேலும் மூன்று பூங்காக்கள் சேர்ந்தன. அவற்றைச் சூழ விடுதிகளும், அவற்றை இணைக்கும் பேருந்துகளும், ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் வண்டிகளும், படகுகளும் உள்ளன.

இத்துணைப் பெரிய இடத்திற் கால்களால் நடப்பவரே களைத்துப்போவர். சக்கர நாற்காலியில் இருப்பவர் எவ்வாறு சுற்றி வருவார்? பேருந்தின் வாயிலிலிருந்து சாய்வான பலகை தரைக்கு இறங்குகிறது. நாற்காலி தானாகவே மேலே உருண்டு செல்கிறது. 2019ஆம் ஆண்டு முதல், கம்பிவடத்திற் தொங்கிச் செல்லும் கூண்டுகளும் அங்கு ஓடுகின்றன. நகர்ந்துகொண்டேயிருக்கும் கூண்டில் ஏற இயலாதோருக்காக, நிலையத்திலே தனித் தடமொன்றில் ஒரு கூண்டு அசையாமல் வந்து நிற்கும். நாற்காலியோடு உள்ளே சென்று அமர்ந்த பின்னரே அது மற்றக் கூண்டுகளோடு சேர்ந்து வானில் ஏறும். உள்ளே இருப்பவர் எந்தத் தடத்தில் ஏறினார் என்பது கீழே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது.

பூங்காவினுள்ளே, 'சிறிய உலகம்' என்று பொருள்படும் பெயரோடு ஒரு படகுச் சவாரி உண்டு. 1964ஆம் ஆண்டு நியூயோர்க் உலகப் பொருட்காட்சிக்காக முதன்முதல் அமைக்கப்பட்ட காட்சி அது. பல நாட்டுக் குழந்தைகளின் உருவில் அமைந்த பொம்மைகள் பாடி ஆடுவதைப் படகிற் சென்று பார்க்கலாம். அங்கே சில படகுகள் சக்கர நாற்காலியை அப்படியே ஏற்றிச் செல்லும் வண்ணம் அமைக்கப்பட்டுள்ளன. விலங்குகள் திரியும் வெளியிற் செல்லும் பாரவண்டியிலும் நாற்காலிக்கென இடம் விடப்பட்டிருக்கிறது. தாயும் தந்தையும் ஒரு வரிசையில், பிள்ளை வேறோர் இடத்தில் என்றில்லாமல், குடும்பம் ஒருங்கே இருந்து ஒரே யானையைக் காண்கிறது. இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். எத்தனையோ திருமண வீடுகளிலும் கலை விழாக்களிலும் வாசலருகே தனியே விடப்பட்டவருக்கு இது சிறிய செய்தியன்று.

இனி, நத்தார் காலத்து நெரிசலைப் பற்றிச் சொல்லவேண்டும். நத்தாருக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரத்தில் அங்கே கூடும் மக்கட்டிரள் பெரிது. உள்ளே இடமில்லையென்று வாயில்கள் மூடப்பட்ட நாள்களும் முன்னர் உண்டு. நின்று கொண்டிருப்பவருக்குக் கூட்டம் என்பது தலைகளின் கடல். நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் கண்களோ தரையிலிருந்து ஏறத்தாழ நான்கு அடி உயரத்தில் உள்ளன. அவ்வுயரத்திற் கூட்டம் என்பது முதுகுகளும் தோற்பைகளும் இடைப்பட்டிகளுமே. ஊர்வலம் வருகிறது, வாத்தியம் முழங்குகிறது, குழந்தைகள் ஆரவாரிக்கின்றனர்; அவர் காண்பதோ முன்னால் நிற்பவரின் மேலங்கியை மட்டுமே. இதனை உணர்ந்து, ஊர்வலப் பாதையின் ஓரத்திற் சில இடங்களைச் சக்கர நாற்காலிகளுக்கென ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். என் பெறாமகள் அங்கிருந்துதான் நத்தார் ஊர்வலத்தைப் பார்த்தாள். முன்னால் எவரும் நிற்கவில்லை. "கச்சேரியிலோ கோவில் திருவிழாவிலோ முன் வரிசை எனக்குக் கிடைச்சதே இல்லை" என்றாள்.

வரிசை என்றதும் மற்றொரு செய்தி நினைவுக்கு வருகிறது. நடக்க இயலாதோரை நீண்ட வரிசையைத் தவிர்த்து முன்னே அனுப்பும் வழக்கம் அங்கு ஒரு காலத்தில் இருந்தது. வசதி படைத்த சிலர், மாற்றுத்திறனாளி ஒருவரைக் கூலிக்கு அமர்த்தித் தம் குடும்பத்தவர் என்று காட்டி வரிசையை முந்திச் செல்கின்றனர் என்ற செய்தி 2013ஆம் ஆண்டிற் பத்திரிகைகளில் வெளிவந்தது. அவ்வாண்டு ஒக்டோபரிற் பழைய அனுமதி அட்டை முறை நிறுத்தப்பட்டது. வரிசையில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டுமோ அவ்வளவு நேரங் கழித்து வருமாறு நேரங் குறித்துக் கொடுக்கும் முறை அதற்குப் பதிலாக வந்தது. வரிசைப் பாதை அகலமாக உள்ள இடங்களிற் சக்கர நாற்காலியில் வருவோரும் ஏனையோரோடு அதே வரிசையிற் செல்கின்றனர்.

இம்மாற்றத்தாற் சிலருக்கு இடர் நேர்ந்தது உண்மையே. நெடுநேரம் வெயிலில் இருக்க இயலாத நோயாளருக்கு அது கடினம். ஆயினும் இதனுள்ளே ஓர் உண்மை பொதிந்திருக்கிறது. சக்கர நாற்காலியில் இருப்பவர் விரும்புவது பிறரை முந்திச் செல்வதையன்று, பிறரோடு செல்வதையே. சலுகை வேறு, சமத்துவம் வேறு. பக்கத்திலுள்ளவரோடு பேசி, குழந்தைகளின் குறும்பைக் கண்டு சிரித்து, 'இன்னும் எவ்வளவு நேரம்?' என்று அலுத்துக்கொள்வதும் விடுமுறையின் ஒரு பகுதியன்றோ?

இவ்வசதிகள் யாவும் ஒரு நிறுவனத்தின் நல்லெண்ணத்தால் மட்டும் வந்தன என்று கருதிவிடலாகாது. அவற்றின் பின்னே ஒரு நீண்ட போராட்டம் உண்டு. 1947ஆம் ஆண்டிற் பிறந்த ஜூடி ஹியூமன் என்னும் பெண்மணி, குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளை வாதத்தால் நடக்கும் ஆற்றலை இழந்தவர். ஐந்து வயதில் அவரைத் தாயார் நியூயோர்க்கிலுள்ள பாடசாலைக்கு அழைத்துச் சென்றபோது, சக்கர நாற்காலி தீ விபத்தின்போது ஆபத்தாகும் என்று கூறிச் சேர்க்க மறுத்தனர். மறுத்தவர் அப்பாடசாலையின் அதிபர். அதே பதவியில் இருக்கும் எனக்கு, இச்செய்தியை எளிதிற் கடந்து செல்ல முடியவில்லை. விதியைக் காட்டி ஒரு குழந்தையை வாசலில் நிறுத்துவது எவ்வளவு எளிது என்பதை எங்கள் தொழிலில் உள்ளோர் அறிவர்.

அக்குழந்தை வளர்ந்து, ஆசிரியராவதற்கு விண்ணப்பித்தது. நடக்க முடியாதவர் என்பதால் அனுமதிப் பத்திரம் மறுக்கப்பட்டது. 1970ஆம் ஆண்டில் அவர் வழக்குத் தொடுத்தார். கல்விச் சபை இறுதியில் இணங்கியது. பின்னர், 1973ஆம் ஆண்டுச் சட்டமொன்றை நடைமுறைப்படுத்தும் விதிகளில் அரசு கையொப்பமிடாமற் காலந்தாழ்த்தியபோது, 1977ஆம் ஆண்டு சித்திரை மாதத்திற் சான் பிரான்சிஸ்கோ நகரின் அரசாங்கக் கட்டடத்தினுள்ளே நூற்றுக்கு மேற்பட்டோர் புகுந்து மூன்று வாரங்களுக்கு மேலாக அங்கேயே தங்கினர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர்களுள் ஹியூமனும் ஒருவர். விதிகள் கையொப்பமாயின. 2023ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

1990ஆம் ஆண்டு பங்குனி மாதம் 12ஆந் திகதி வாஷிங்டனில் நடந்ததையும் கூறவேண்டும். புதிய சட்டம் பாராளுமன்றத்திற் தாமதப்பட்டபோது, ஏறக்குறைய அறுபது பேர் தம் சக்கர நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் கீழே விட்டுவிட்டு, அம்மாளிகையின் படிகளிற் கைகளாலும் முழங்கால்களாலும் தவழ்ந்து ஏறினர். அவர்களுள் எட்டு வயதுச் சிறுமியும் ஒருத்தி. படி என்பது என்ன என்பதை, அதில் ஒருபோதும் தடுக்கி நின்றிராத மக்கட் பிரதிநிதிகளுக்கு அவர்கள் காட்டினர். அவ்வாண்டு ஆடி 26ஆந் திகதி ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் அச்சட்டத்திற் கையொப்பமிட்டார். விடுதி, உணவகம், திரையரங்கு, உல்லாசப் பூங்கா ஆகிய யாவும் அதற்குட்பட்டன. புதிதாக அமைக்கப்படும் சவாரிகளுக்கான விதிகள் 2012ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தன.

அச்சட்டத்தின் சிறப்பு, இரக்கத்தைப் பற்றிப் பேசாமல் அங்குலத்தைப் பற்றிப் பேசுவதே. கதவு திறந்தால் 32 அங்குல இடைவெளி வேண்டும். நாற்காலி திரும்புவதற்கு 60 அங்குல விட்டமுள்ள வெளி வேண்டும். ஓர் அங்குலம் உயர்வதற்குப் பன்னிரண்டு அங்குல நீளச் சாய்தளம் வேண்டும். 'இரண்டே படிகள்தானே' என்று நாம் சொல்வதுண்டு. ஏழு அங்குல உயரமுள்ள இரண்டு படிகளை நாற்காலியில் ஏற 14 அடி நீளச் சாய்தளம் வேண்டும். அது இல்லாதபோது இரண்டு படிகளும் ஒன்றே, இருநூறு படிகளும் ஒன்றே.

குறைகள் இல்லையென்று சொல்ல வரவில்லை. அங்கே செல்வதற்குப் பெரும் பணம் வேண்டும். பழைய சவாரிகள் சிலவற்றில் நாற்காலியை விட்டிறங்கி வேறோர் இருக்கைக்கு மாறவேண்டும். பீட்டர் பான் சவாரியில் ஏறுமிடத்துத் தரையே நகர்ந்துகொண்டிருப்பதால், நடக்க இயலாதவர் ஏற முடியாது. விமானப் பயணமோ இன்னும் கடினமானது. சக்கர நாற்காலியோடு விமானத்தினுள்ளே செல்ல வழியில்லை. அது பொதிகளோடு கீழ்த்தளத்திற் போய்விடும். பயணியை ஒடுங்கிய வேறொரு நாற்காலியில் இருத்தி, இருக்கைக்குத் தூக்கி மாற்றுவர். 2023ஆம் ஆண்டில் மாத்திரம் அமெரிக்க விமானச் சேவைகளின் கையிற் சேதமடைந்த, தாமதப்பட்ட அல்லது தொலைந்த சக்கர நாற்காலிகளும் சிறு மின்வண்டிகளும் 11,000க்கு மேற்பட்டவை. பயணப் பெட்டி உடைந்தால் வேறொன்றை வாங்கலாம். நாற்காலி உடைந்தால் உடைந்தது ஒருவரின் கால்.

என் பெறாமகள் உதவி கேட்ட மூன்று முறைகளுள் முதலாவது, அந்த விமான இருக்கையில் மாறியபோது. இரண்டாவது, அவ்வுல்லாச நகருக்கு வெளியே ஓர் உணவகத்தின் வாசற்படியில். மூன்றாவதை அவள் மனமுவந்து கேட்டாள். டம்போ என்னும் பறக்கும் யானைச் சவாரியில் ஏற நாற்காலியை விட்டு மாறவேண்டும். சிறு வயதிற் படப் புத்தகத்தில் அந்த யானையைக் கண்டு ஆசைப்பட்டவள் அவள். தம்பி அவளைத் தூக்கி யானையின் உள்ளே இருத்தினான். "அந்த ஒரு தரம் மட்டும் கேட்கிறது பாரமாயிருக்கேல்லை" என்றாள். வேறு வழியின்றிக் கேட்பதற்கும் விரும்பிக் கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக என்னால் விளக்க முடியாது.

பின்னர் திருத்துவதைவிட, முதலிலேயே எண்ணிக் கட்டினால் என்ன என்று கேட்டவர் ஒருவரும் உண்டு. டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரிற் கோர்டன் ஹார்ட்மன் என்பவர், தம் மகள் மோர்கன் பிற குழந்தைகளோடு விளையாட இயலாமற் தவித்ததைக் கண்டு, 2010ஆம் ஆண்டில் 'மோர்கனின் அற்புத உலகம்' என்று பொருள்படும் பூங்காவைத் திறந்தார். அங்கே சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய ஊஞ்சல் உண்டு. சுழல் இராட்டினத்தில், நாற்காலியை ஏற்றிய தட்டும் குதிரைகளைப் போலவே மேலும் கீழும் அசையும். 2017ஆம் ஆண்டிற் திறக்கப்பட்ட நீர்ப் பூங்காவில், மின்கலம் நீரிற் பழுதாகும் என்பதால், அழுத்திய காற்றினால் இயங்கும் நாற்காலிகளைக் கொடுக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் அது அவர்களுக்கு மட்டுமான பூங்காவன்று. எல்லாக் குழந்தைகளும் வருகிறார்கள். அதுவே அதன் உயிர்.

நேயர்களே, இவை தொலைதூர நாட்டுச் செய்திகள் என்று எண்ணலாம். நம் நாட்டிலும் 1996ஆம் ஆண்டிலேயே மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான சட்டம் இயற்றப்பட்டது. 2006ஆம் ஆண்டிற் பொதுக் கட்டடங்களில் அவர்கள் நுழைவதற்கான விதிகள் வந்தன. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை 2016ஆம் ஆண்டில் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. அவ்வுடன்படிக்கையின் 30ஆம் உறுப்புரை கலை, பொழுதுபோக்கு, ஓய்வு, விளையாட்டு ஆகியவற்றிற் பங்குகொள்வதை ஓர் உரிமையாகவே கூறுகிறது. நடக்க இயலாதவருக்கு உல்லாசம் எதற்கு என்ற வினாவுக்கு விடை அங்கேயே எழுதப்பட்டிருக்கிறது. போரிலும் விபத்திலும் நோயிலும் நடக்கும் ஆற்றலை இழந்தோர் நம்மிடையே பலர். முதுமை நம் அனைவரையும் அவ்வழியே அழைத்துச் செல்லக்கூடும்.

ஆகவே செய்யத்தக்கது யாது? விடுதி நடத்துவோர், 'எங்களிடம் வசதி உண்டு' என்று பொதுவாகக் கூறாமல், வாசலிற் படிகள் எத்தனை, கதவின் அகலம் எத்தனை அங்குலம், குளியலறையில் விளிம்பு உண்டா என்று அளந்து கூறலாம். பயணஞ் செல்வோரும் 'வரலாமா?' என்று கேளாமல் 'எத்தனை அங்குலம்?' என்றே கேட்கலாம். சீமெந்தும் மணலும் கொண்டு ஒரு சாய்தளம் அமைக்கப் பெருஞ் செல்வம் வேண்டியதில்லை.

பாடசாலைகளில் ஆண்டுதோறும் சுற்றுலாப் பட்டியல் தயாரிக்கிறோம். 'அந்தப் பிள்ளைக்குச் சிரமம், வீட்டில் இருக்கட்டும்' என்று அன்பின் பெயரால் ஒரு பெயர் விடப்படுவது பல இடங்களில் வழக்கம். அப்பெயரைப் பட்டியலின் முதலில் எழுதி, அந்தப் பிள்ளை செல்லக்கூடிய இடத்தைத் தேர்ந்தால், ஏனைய முப்பத்தொன்பது பிள்ளைகளும் அவ்விடத்துக்கு எளிதாகவே சென்று வருவர். வருகின்ற விடுமுறைக்குப் பட்டியல் எழுத அமரும் ஆசிரியர்களும் பெற்றோரும் இதனை மனத்திற் கொள்வார்களாக.